மானுக்கு வேலி கட்டிய மாப்பிள்ளை

மானைப் பார்த்தால் எல்லோருக்கும் மனம் இளகுகிறது. எனக்கு எரிச்சல் வருகிறது. வெளியே சொன்னால் ஈவு இரக்கம் இல்லாதவன் என்பார்களே என்று இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். போன மாதம் மிருகக்காட்சிசாலைக்குப் போனபோது, என் பிள்ளைகள் இரண்டு பேரும் மானின் கண்ணைப் பார்த்து உருகிக்கொண்டிருந்தார்கள். நான் குனிந்து, கம்பி வலையைத் தூணுக்கு எந்தப் பக்கம் கட்டியிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சரியான பக்கம்தான் கட்டியிருந்தார்கள். அதற்கும் கோபம் வந்தது.

காரணம் இதுதான். ஒரு மான் வேலியால் என் கல்யாணம் நின்றது. (அடியோடு நிற்கவில்லை. பிறகு நடந்தது, அதே பெண்ணோடுதான். இதை முதலிலேயே சொல்லிவிடச் சொல்லி வீட்டில் உத்தரவு.)

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஐந்தாறு வருடம் கழிந்திருந்த சமயம். எனக்கு வயது இருபத்தேழு. அமீரகத்தில், ராஸ் அல் கைமாவில், வேலி போடும் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியில் மேஸ்திரியாக இருந்தேன். சிமெண்ட் ஃபேக்டரிக்குப் பக்கத்திலேயே கேம்ப். காயப்போட்ட சட்டையைத் தூசி உதறாமல் போட்டால் வேர்வை பட்டு அது தன்னால் கெட்டிப்படும். ஒரு ரூமுக்குப் பன்னிரண்டு பேர். சிவகங்கைப் பக்கத்திலிருந்து நான் அங்கே போய்ச் சேர்ந்ததற்கு ஒரே தகுதி, மதுரையில் ஆள் எடுக்க வந்தவர் "வேலி கட்டத் தெரியுமா?" என்று கேட்டபோது, "பொறந்ததுலேருந்து சார்" என்று சொன்னது. நான் கட்டியதெல்லாம் கடலைக் காட்டுக்கு, ஆடும் பன்றியும் வராமல் இருக்க.

அந்த வருடம் ஆனி மாதக் கடைசி முகூர்த்தத்தில் எனக்கும் சுமதிக்கும் கல்யாணம் என்று நிச்சயம் ஆகியிருந்தது. அந்தத் தேதி தவறினால் அடுத்தது ஆடி. ஆடியில் யார் கல்யாணம் வைப்பார்கள்? மண்டபம் பிடித்தாகிவிட்டது, பத்திரிகை அடித்தாகிவிட்டது. பத்திரிகையில் என் பெயருக்குக் கீழே 'வனவிலங்குப் பாதுகாப்பு அலுவலர், அமீரகம்' என்று போட்டிருந்தது. (அச்சுக்குக் கொடுத்தவர் மாமனார். அவரிடம் அப்படிச் சொன்னவன் நான்.)

அந்தப் பட்டத்துக்கு ஆதாரமாக இருந்த வேலை இதுதான். கேம்ப்பிலிருந்து வண்டியில் இரண்டு மணி நேரம் பாலைவனத்துக்குள் போனால், பெரிய அரபி ஒருவர் மான் வளர்க்கும் இடம் வரும். சின்னச் சின்ன அடைப்புகளில் குட்டி போட்டுப் பெருகும் மான்களை, கொஞ்ச காலம் ஒரு பெரிய வேலிக்குள் ஓடப் பழக்கி, அப்புறம் திறந்த பாலைவனத்தில் விட்டுவிடுவார்கள். அந்தப் பெரிய வேலியைத்தான் நாங்கள் கட்ட வேண்டும். இந்த மாதிரி இடங்களில் வேலி எப்படி இருக்க வேண்டும் என்று அரசாங்கம் ஒரு விதிப் புத்தகமே போட்டிருந்தது. அதிகாரி வந்து பார்த்துக் கையெழுத்துப் போடாமல் ஒரு மானைக்கூட உள்ளே விடக்கூடாது.

எங்கள் சைட் இன்ஜினியர் தமிழர்தான். பெயரைச் சொல்ல மாட்டேன். சொல்ல ஆரம்பித்தால் இனிஷியலோடு நிற்காது. காலையில் வந்து, ஏசியைப் போட்டுக்கொண்டு காரிலேயே உட்கார்ந்து, மாலையில் கண்ணாடியை நாலு விரல் இறக்கி "யல்லா, யல்லா" என்று அவசரப்படுத்திவிட்டுப் போவது அவருடைய இன்ஜினியரிங். விதிப் புத்தகமும் டிராயிங்கும் அந்தக் காரின் பின்சீட்டில் தினமும் போய் வந்துகொண்டிருந்தன.

முதல் நாள் அவரே கேட்டார். "டிராயிங் பாக்கணுமா செல்வம்? பின்னாடி கெடக்கு. மேல சாமானெல்லாம் இருக்கு, எடுக்கணும்."

"வேணாம் சார். வேலிதானே."

"அதான. இதென்ன ராக்கெட்டா? சீக்கிரம் முடி. இன்ஸ்பெக்ஷன் பாஸாச்சுன்னா மறுநாள் உனக்கு டிக்கெட். போய் தாலியக் கட்டு."

'வேலிதானே' என்று சொன்ன அந்த வாயை இன்றைக்கும் கண்ணாடியில் பார்க்கும்போது ஓர் அறை விடலாம் போலிருக்கிறது.

ஊரில் நாங்கள் வேலி கட்டும் முறை எல்லோருக்கும் தெரியும். எதிரி வெளியே இருக்கிறான். ஆகவே தூணுக்கு வெளிப்பக்கம் வலையை இழுத்துக் கட்டுவோம். ஆடு வந்து முட்டினால் வலை தூணில் சாய்ந்து நிற்கும், கட்டு அறாது. மேலே உள்ள இரும்பை வெளியே பார்த்து வளைப்போம். அடியில் மிச்சமுள்ள வலையையும் வெளியே மடித்து மண்ணில் புதைப்போம். அதையே அப்படியே பாலைவனத்திலும் செய்தேன். பதினாலு ஆட்களை வைத்து, காலை ஐந்து மணியிலிருந்து, கட்டுக்கம்பி பிடித்த கை கொப்புளம் போட்டு உடைய உடைய, ஒரு சுற்று நடந்தால் ஒரு மணி நேரம் ஆகும் வேலி முழுவதையும் அப்படியே கட்டினேன். ஒரு தூண்கூட மிச்சம் வைக்கவில்லை.

சந்தேகப்பட்ட ஒரே ஆள் காதர் அண்ணன். எங்களை சைட்டுக்கு ஏற்றிப் போகும் பிக்கப்பின் டிரைவர், தொண்டிக்காரர். ஒரு நாள் வண்டியில் சாய்ந்து நின்று வேலியை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, ஒண்ணு கேக்குறேன். மான் உள்ளயா இருக்கும், வெளியயா?"

"உள்ளதான்."

"அப்ப உள்ளேருந்துதானப்பா முட்டும்?"

"அண்ணே, நீங்க ஸ்டியரிங்கப் பாருங்க. வேலிய நான் பாத்துக்கிறேன். வேலின்னா வெளிய இருக்கறது உள்ள வரக்கூடாது. அம்புட்டுத்தான்."

அவர் பீடியைப் பற்றவைத்தார். நான் என் ஆட்களைப் பார்த்துச் சிரித்தேன். டிரைவர் வந்து வேலி சொல்லிக்கொடுக்கிறார் பார் என்று. (சிரித்த ஆட்களில் யாரும் பிறகு எனக்குச் சாட்சி சொல்ல வரவில்லை.)

சொன்ன நாளுக்கு நாலு நாள் முன்பே வேலையை முடித்தேன். இன்ஜினியருக்கு ஒரே குஷி. அந்தக் குஷியில் அவர் செய்த காரியம், அதிகாரி வருவதற்கு முந்தைய நாளே அரபியைக் கூட்டி வந்து, அவர் கண் குளிர ஆறு மான்களை உள்ளே விட்டது. கையெழுத்து ஆகவில்லையே சார் என்றேன். "அதெல்லாம் ஃபார்மாலிட்டி" என்றார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அதிகாரி வந்தார். சூடான்காரர், மிருக டாக்டர். நல்ல உயரம், கையில் ஓர் அளவு டேப், தலையில் பழைய தொப்பி. யாரோடும் பேசாமல் வேலியை ஒட்டியே முழுச் சுற்றும் நடந்தார். நானும் இன்ஜினியரும் பின்னாலேயே போனோம். அன்றைக்குத்தான் இன்ஜினியர் காரை விட்டு இறங்கி முதல் முறையாக அந்த வேலியைப் பார்க்கிறார். சுற்றி முடித்து டாக்டர் என்னிடம் திரும்பி, கல்ஃபில் எல்லோரும் பேசுகிற அந்த உடைந்த இந்தியில் கேட்டார்.

"உள்ளே வரப் போவது யார்?"

எனக்குப் புரியவில்லை. "யாரும் வர முடியாது சார்" என்றேன் பெருமையாக.

"மான் உள்ளே இருக்கிறது. பயந்தால் ஓடி வந்து வேலியில் மோதும். முதலில் தூணில் மோதி மண்டை உடையும். தூணைத் தவறவிட்டால் வலை கட்டறுத்துக்கொண்டு வெளியே போகும். வலை உள்பக்கம் இருக்க வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கிறதே, படிக்கவில்லையா?"

இந்த இடத்தில் 'மன்னியுங்கள் சார்' என்று சொல்லியிருந்தால் கதை வேறு. ஆனால் பதினாலு ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். காதர் அண்ணன் வேறு வண்டியிலிருந்து இறங்கி வந்து நிற்கிறார். ஒன்பது நாளில் எனக்குக் கல்யாணம். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"சார், என் கட்டு அறாது. மான் என்ன, மாடு முட்டினாலும் அறாது. காட்டட்டுமா?"

டாக்டர் வேண்டாம் என்று கை காட்டினார். அதை நான் பார்த்தும் பார்க்காத மாதிரி வேலிக்குள் போனேன். இருபதடி பின்னால் தள்ளிப் போய், தலையைக் குனிந்து, தோளை முன்னால் கொடுத்து, ஒரு கிடா மாதிரி ஓடி வந்து என் வேலியில் மோதினேன்.

கட்டுக்கம்பி பட் பட் பட்டென்று ஒவ்வொன்றாகத் தெறிக்கும் சத்தம் இன்றும் காதில் இருக்கிறது. நான் நிற்கவில்லை. வலை எனக்கு முன்னால் திறந்துகொண்டது, நான் அதற்குள் போனேன், அது என்னைச் சுற்றிக்கொண்டது. இரண்டு தூணுக்கு நடுவே இருந்த வேலி முழுவதும் என்னோடு கிளம்பி, மணல் சரிவில் உருண்டு, டாக்டரின் காலடியில் வந்து நின்றது. பேன்ட் முட்டியிலிருந்து இடுப்பு வரை கிழிந்திருந்தது. அந்த இடத்திலிருந்து அதிகாரி முன்னிலையில் பாலைவனத்தில் விடப்பட்ட முதல் பிராணி நான்தான்.

இரண்டாவது, மூன்றாவது, நான்காவது பிராணிகள் மான்கள். அந்தச் சத்தத்தில் வெருண்ட ஆறில் மூன்று, ஓட்டை வழியாக வந்து, சுருண்டு கிடந்த என்னைத் தாண்டிப் போயின. ஒன்றின் குளம்பு என் காதை உரசிக்கொண்டு போனது.

"பிடிடா, பிடிடா" என்று இன்ஜினியர் கத்தினார். என் ஆட்கள் ஓடத் தொடங்கினார்கள். டாக்டர் போட்ட அதட்டலில் எல்லோரும் அங்கங்கே நின்றுவிட்டார்கள். விரட்டினால் அந்த மான் பயத்திலேயே செத்துப்போகுமாம். ஓடக்கூடாது, கத்தக்கூடாது. எல்லோரும் உட்காருங்கள், தானாக வரும் என்றார்.

ஆகவே உட்கார்ந்தோம். ஆனி மாத வெயிலில், நிழல் என்று பெயருக்கும் ஒன்றில்லாத மணலில், பதினாலு தொழிலாளிகள், ஒரு டிரைவர், ஒரு டாக்டர், மடிப்புக் கலையாத சட்டை போட்ட ஓர் இன்ஜினியர், கிழிந்த பேன்ட்டைக் கையால் பிடித்துக்கொண்ட ஒரு கல்யாண மாப்பிள்ளை. இன்ஜினியர் மெல்ல எழுந்து காரைப் பார்த்து நகர்ந்தார். டாக்டர் விரலை மட்டும் அசைத்தார். இன்ஜினியர் மறுபடி மணலில் உட்கார்ந்தார். அந்த நாளில் எனக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம் அது.

இரண்டு மணி நேரம் கழித்து மூன்று மான்களும் வந்தன. உள்ளேதான் தண்ணீர்த் தொட்டி இருந்தது, அதன் மேல் கூரை போட்ட நிழல் இருந்தது. வெளியேறின ஓட்டை வழியாகவே சாவகாசமாக உள்ளே போய்த் தண்ணீர் குடித்தன. அவற்றுக்குத் திரும்பிப் போக ஓர் இடமும் அதற்கு ஒரு வழியும் இருந்தது. எனக்கு இடம் இருந்தது, வழிதான் அடைபட்டது.

டாக்டர் தாளில் எழுதினார். முழு வேலியும் பிரித்துக் கட்ட வேண்டும். அனுமதி இல்லாமல் மானை விட்டதற்குத் தனியாக ஒரு பக்கம் எழுதினார். உடனே இன்ஜினியர் என்னைக் கை காட்டி, "டிராயிங் எல்லாம் தெளிவாத்தான் குடுத்தேன். இவன்தான் பாக்காம கட்டிட்டான்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். டாக்டர் டிராயிங்கைக் கேட்டார். பின்சீட்டிலிருந்து வந்தது. மேலே சுற்றிய பிளாஸ்டிக் உறையும் ரப்பர் பேண்டும் அப்படியே இருந்தன. டாக்டர் ரப்பர் பேண்டைக் கழற்றி இன்ஜினியரின் கையில் கொடுத்தார்.

ரப்பர் பேண்டைக் கொடுத்து என்ன பயன்? பேச வேண்டிய இடத்தில் இன்ஜினியர் பேசினார். மாலையில் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள், அங்கேயும் அவரே உட்கார்ந்திருந்தார்.

"லீவு கலாஸ், முடிஞ்சுபோச்சு செல்வம். வேல முடியாம எப்படி விடுவாங்க?"

"சார், ஒம்பது நாள்ல கல்யாணம் சார். பத்திரிக குடுத்தாச்சு."

"தேதிய மாத்திக்க. பொண்ணு எங்க ஓடிரப் போகுது?"

என் பாஸ்போர்ட் அந்த ஆபீஸ் பீரோவில் இருந்தது. சாவி அவர் மேஜையில் இருந்தது. நான் அந்தச் சாவியையே பார்த்துக்கொண்டு நின்றேன், சரி சார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கேம்ப் வாசல் கடையில் போன் கார்டு வாங்கி சுமதிக்குப் பேசினேன். அவள் அண்ணனுடைய செல்போன். அவனே எடுத்து, மாப்பிள்ளை என்று குழைந்து, அவளிடம் கொடுத்தான்.

"சொல்லுங்க. டிக்கெட் போட்டாச்சா?"

"இல்ல சுமதி. வேலி தப்பாயிருச்சு."

"என்ன வேலி?"

"மான் வேலி."

"மானுக்கும் நம்ம கல்யாணத்துக்கும் என்னங்க சம்பந்தம்?"

சொன்னேன். தூண், வலை, உள்பக்கம், வெளிப்பக்கம், டாக்டர் எல்லாவற்றையும் சொன்னேன். ஓடிப் போய் மோதியதை மட்டும் சொல்லவில்லை. (அதைக் காதர் அண்ணன் லீவில் வந்தபோது வீட்டுக்கே வந்து நடித்துக் காட்டினார்.)

"எந்தப் பக்கம் கட்டணும்னு ஒரு வார்த்த கேட்டுட்டுக் கட்டியிருக்கலாம்ல? கேட்டா வாய் வலிக்குமா?"

"வேலிதானேன்னு..."

"நீங்க அங்க ஆபீசர்னுதானே சொன்னாங்க? ஆபீசர் எதுக்குங்க வேலி கட்டுறாரு?"

கார்டில் காசு தீர்ந்து லைன் அறுந்தது. அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லாமல் தப்பித்தது அந்தக் கார்டின் புண்ணியம்.

மான்களைப் பழைய அடைப்புக்கு மாற்றிவிட்டு, மறுநாளே பிரிக்க ஆரம்பித்தோம். கட்டுவதைவிடப் பிரிப்பதற்குத்தான் கை அதிகம் எரியும். டாக்டர் தன் விதிப் புத்தகத்தை என்னிடமே விட்டுப் போயிருந்தார். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் பிக்கப்பின் நிழலில் உட்கார்ந்து, என் பிளஸ் டூ ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு அதை எழுத்துக் கூட்டி வாசித்தேன். குட்டியின் தலை மாட்டிக்கொள்ளாத அளவுக்கு வலைக் கண் சிறியதாக இருக்க வேண்டும். முள்கம்பி கூடவே கூடாது. மூலைகள் கூர்மையாக இருந்தால் மிரண்ட மான்கள் அங்கே போய் நெருக்கியடித்து மூச்சு முட்டும், ஆகவே மூலையை வளைக்க வேண்டும். ஓடி வரும் மானுக்கு வேலி கண்ணில் படப் பச்சைத் துணி கட்ட வேண்டும். ஒவ்வொரு மானும் படுக்க இத்தனை நிழல் வேண்டும், இத்தனை இடம் வேண்டும், நெருக்கி அடைக்கக்கூடாது.

ஒன்றைக்கூடக் குறை சொல்ல முடியவில்லை. எல்லாம் நியாயம். அதனால்தான் வயிறு எரிந்தது. ஒரு மானின் முட்டி எலும்பு வரைக்கும் யோசித்து ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். அந்தக் கணக்குப்படி எங்கள் பன்னிரண்டு பேர் ரூமில் அரை மானை விடலாமா என்பதே சந்தேகம். எங்கள் கேம்ப்பைச் சுற்றிய வேலியில் முள்கம்பி இருந்தது, மூலை கூர்மையாக இருந்தது, நிழல் மாஃபி, இல்லவே இல்லை. அந்த டாக்டர் வந்திருந்தால் ஒரு ஜீவனைக்கூட அங்கே அடைக்க அனுமதித்திருக்க மாட்டார். ஆனால் அது அவர் இலாகா இல்லை. யார் இலாகா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த ஆனி முகூர்த்த நாளன்று நான் வடக்கு மூலையை வளைத்துக்கொண்டிருந்தேன். ஊரில் தாலி கட்ட வேண்டிய நேரத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பார்த்துவிட்டு, சுத்தியலால் தூணை அடித்த அடியில் தூண் கோணிப்போய் அதையும் பிடுங்கி மறுபடி நட வேண்டியதாயிற்று.

ஆடி பாதியில் டாக்டர் வந்து சுற்றிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். காதர் அண்ணன் அவரிடம் என் கல்யாணக் கதையைச் சொல்லிவிட்டார். டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

"முன்பே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா கையெழுத்துப் போட்டிருப்பீங்களா சார்?"

யோசித்தார். "இல்லை" என்றார். அந்த ஒரு ஆள் மேல்தான் எனக்குக் கோபம் இல்லை.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. அதிலிருந்து எங்கள் வீட்டில் வருடத்துக்கு இரண்டு கல்யாண நாள். ஆவணியில் வருவது நிஜக் கல்யாண நாள். ஆனியில் வருவது மான் நாள். மான் நாளன்று சுமதி அடுப்பு பற்றவைக்க மாட்டாள், நான்தான் சமைக்க வேண்டும். பிள்ளைகள் காலண்டரில் அந்தத் தேதியில் கொம்பு வரைந்து வைக்கிறார்கள். சொந்தக்காரர்கள் போன் செய்து வாழ்த்துகிறார்கள். எனக்கு ஒவ்வொரு வருடமும் அந்தச் சாவி ஞாபகம் வந்து, கோபத்தில் சாம்பாரில் உப்பு கூடிப்போகிறது.

இந்த வருட மான் நாளிலும் அப்படித்தான். சுமதி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு இலையைத் தள்ளி வைத்தாள்.

"அன்னைக்குச் சாப்பாடு இதவிட நல்லா இருந்துச்சு."

"என்னைக்கு?"

"நம்ம கல்யாணம் நின்ன அன்னைக்கு. நம்ம மண்டபத்த அப்பா விட்டுக்குடுத்துட்டாருல்ல, அதுல வேற யாருக்கோ கல்யாணம். கோயிலுக்குப் போறேன்னு வீட்ல சொல்லிட்டு அங்க போனேன். போய்ப் பந்தியில உக்காந்துட்டேன்."

இத்தனை வருடத்தில் இதை அவள் சொன்னதே இல்லை.

"யாரும் ஒண்ணும் கேக்கலையா?" என்றேன்.

"பரிமாற வந்த அம்மா கேட்டாங்க, நீ மாப்பிள்ள வீடா, பொண்ணு வீடான்னு. நான்தான் பொண்ணுன்னு சொன்னேன். அவங்க சிரிச்சுட்டு இன்னொரு அப்பளம் வச்சுட்டுப் போனாங்க."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நான் அந்த இன்ஜினியரை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு, எழுந்து போய் எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைத்து அப்பளம் பொரித்தேன்.